தைரொயிட் இல்லை, தைமஸ்: நெஞ்சுக்குள் கட்டி என்று சொன்னால் வன்னியில் இருந்து எப்படி வெளிக்கிடுவது

முறிகண்டியில் வாகனம் நின்றால் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், பிறகு ஒரு சரை கச்சான். ஏ9 வீதியில் போய்வருகிற யாரும் இதில் தப்புவதில்லை. என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், கச்சானை வீடு வந்து சேர முதலே முடிக்கிற ஆள். ஒருநாள் பாதிச் சரையை அப்படியே என்னிடம் நீட்டினார். "பல்லு நோகேல்லைத் தம்பி. தாடை சப்ப மாட்டன் எண்டுது." வயசு போகுது என்று நாங்கள் சிரித்தோம்.

பின்னேரத்தில் இடக்கண் இமை இறங்குவதைக் கண்டபோது புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். சொதி குடிக்கையில் மூக்கால் வந்தபோது அவசரப்பட்டுக் குடிக்கிறார் என்று மாமி ஏசினா. கடைசியில் இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு நடுவில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சளி சோதித்தார்கள்; அது இல்லை. ஸ்கான் எடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. கச்சானும் கண் இமையும் சொதியும் இருமலும் எல்லாம் ஒரே கதை.

நான் டொக்டர் இல்லை. விசுவமடுப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மாமாவோடு கொப்பியும் கையுமாக அலைந்ததில் விளங்கிக்கொண்டதை, அடுத்ததாக அலையப்போகிற குடும்பத்துக்காக எழுதுகிறேன். முடிவுகளை உங்கள் டொக்டர்தான் எடுப்பார். அவரிடம் என்ன கேட்பது, எதை மறக்காமல் சொல்வது என்பதற்கு இது உதவும்.

முதல் வேலை: பெயரைப் பாடமாக்குங்கள்

"தைமஸ் கட்டி" என்று நீங்கள் சொன்னால், கேட்கிறவர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் "தைரொயிட்" என்றுதான் காதில் விழும். சொந்தக்காரர் மட்டுமில்லை, துண்டு எழுதுகிற இடத்திலும் இது நடக்கும். எங்களுக்கு ஓர் இடத்தில் தைரொயிட் இரத்தச் சோதனைக்கு எழுதித் தந்து, அது சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை வீண்.

தைரொயிட் கழுத்தில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும் முன்னால், நெஞ்சாங்கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியில் இருந்து தடவிப் பார்க்க ஏலாது. ஸ்கான் ரிப்போட்டில் "அன்டீரியர் மீடியாஸ்டைனம்" என்று எழுதியிருப்பது இந்த இடத்தைத்தான். ஒரு துண்டுக் கடுதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நோயின் பெயரை எழுதுவித்து, அடையாள அட்டையோடு வையுங்கள். தெற்கே போகவேண்டி வந்தால் பாதி மொழிச் சிக்கலை அந்தத் துண்டு தீர்த்துவிடும்.

இது பெரியவர்களில் சிறுத்துப் போகிற ஒரு சுரப்பி. சிறு வயதில்தான் அதற்கு வேலை. நோய்க்கிருமியோடு சண்டை பிடிக்கிற ரீ கலங்கள் இங்கேதான் முதிர்கின்றன. எது நம் உடம்பு, எது வெளி ஆள் என்று பிரித்தறியப் படிக்கிற பள்ளிக்கூடம் என்று வையுங்களேன். பருவ வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் கொழுப்பாகிவிடும். 1961 இல் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளில் இதை எடுத்துவிட்டுப் பார்க்கும்வரை, இது எதற்கு இருக்கிறது என்றே மருத்துவ உலகத்துக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே வயதுவந்தவருக்கு இதை முழுதாக எடுத்துவிட்டால் எப்படி உயிர் வாழ்வது என்று பயப்பட வேண்டாம். வாழலாம்.

இதில் வருகிற கட்டிகளில் கூடுதலானது தைமோமா. அனேகமாக மெல்ல வளரும். மற்றது தைமிக் கார்சினோமா. இது குறைவாக வருவது, வேகமானது, பரவக்கூடியது. "புற்றுநோயா, சும்மாக் கட்டியா?" என்று எல்லாரும் கேட்பார்கள். முன்பு தைமோமாவில் சிலதைச் சாதுவானது என்று தள்ளி வைத்தார்கள். இப்போது எல்லாத் தைமோமாவையும் பரவக்கூடிய கட்டியாகவே கணக்கில் எடுக்கிறார்கள். அதே நேரம், நேரத்தோடு பிடித்து முழுதாக வெட்டி எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

அரிதான நோய். உலகக் கணக்கில் பத்து லட்சம் பேருக்கு வருடத்தில் ஒருவர், இருவர் அளவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலையும் கூட்டினாலும் பத்து லட்சம் சனம் வராது. அதனால் உங்கள் ஊர் டொக்டர் வாழ்நாளில் ஒன்றைக்கூடக் காணாமல் இருந்திருக்கலாம். அது அவரின் பிழை இல்லை. செல்லடிப் புகையால் வந்ததோ, முகாம் தண்ணீரால் வந்ததோ என்று மாமாவைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். இதற்கு இன்னதுதான் காரணம் என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம்.

எந்த அறிகுறிக்கு அவசரப்பட வேண்டும்

மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அகப்படும். மற்றவர்களுக்கு இருமல், நெஞ்சுக்குள் பாரம், இளைப்பு, குரல் கரகரப்பு. குனிந்தால் முகமும் கழுத்தும் வீங்கி, நெஞ்சில் நீல நரம்புகள் புடைத்துத் தெரிந்தால், தலைப் பக்கத்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருகிற மேல் பெருநாளத்தைக் கட்டி அமத்துகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆனால் நான் கூடுதலாகச் சொல்ல வந்தது தசை விஷயம். தைமோமா உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயும் கூட வருகிறது. பள்ளிக்கூடம் கெட்டுப்போனால் பிள்ளைகள் வீட்டையே கல்லால் எறிவது மாதிரி, நரம்பு தசைக்குச் செய்தி கொடுக்கிற இடத்தை உடம்பே தாக்கத் தொடங்குகிறது. இதன் அடையாளம் ஒன்றுதான்: பாவிக்கப் பாவிக்கக் களைக்கும், ஓய்வெடுத்தால் திரும்பி வரும். காலையில் நன்றாக இருக்கிற கண் இமை பின்னேரம் இறங்கும். முதல் பிடி சோற்றை நன்றாகச் சப்புவார், பத்தாவது பிடியில் தாடையைக் கையால் தாங்குவார். பேசத் தொடங்கும்போது தெளிவு, கொஞ்ச நேரத்தில் மூக்கால் பேசுவது போலாகும். ஒன்று இரண்டாகத் தெரியும். வன்னி வெயிலில் இன்னும் மோசமாகும். சூடு இந்த நோய்க்குப் பகை. இறங்கிய இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் கொஞ்சம் உயர்ந்துவிடும். கிளினிக்கில் டொக்டர் அப்படிச் செய்து காட்டியபோது மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

நீங்கள் செய்யவேண்டியது சுகம். காலையில் எழும்பியவுடன் ஒரு படம், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு படம், போனில் எடுங்கள். நாலு நாள் போதும். கிளினிக் காலையில்தான் நடக்கும். காலையில் நோயாளி நன்றாக இருப்பார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் டொக்டருக்கு நீங்கள் சொல்வதை நம்ப வழியில்லை.

கட்டி மட்டும் இருக்கிறது, தசைக் களைப்பு ஒன்றும் இல்லை என்றாலும், ஒப்பரேஷனுக்கு முன்னர் மயஸ்தீனியாவுக்கான இரத்தச் சோதனை செய்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள். ஒளிந்திருக்கிற மயஸ்தீனியா மயக்க மருந்து கொடுக்கையில் வெளிப்பட்டால், பிறகு மூச்சு மெஷினில் இருந்து எடுப்பது பெரும்பாடு. காரணம் தெரியாத இரத்தச் சோகை, அடிக்கடி நெஞ்சுச் சளி என்பவையும் இந்தக் கட்டியோடு சேர்ந்து வரலாம், இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்கானுக்குப் போகுமுன் சொல்ல வேண்டிய மூன்று

மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் இருந்துதான் பயணம் தொடங்கும். மருந்து நிபுணர், எங்கள் சனத்தின் வாயில் "வீ.பீ.", மருந்து ஏற்றி எடுக்கிற சீ.ரீ. ஸ்கானுக்கு எழுதுவார். அங்கே போகுமுன் நம் ஆட்கள் சொல்லத் தவறுவது மூன்று.

ஒன்று, உடம்பில் இருக்கும் பீஸ். 2009க்கு முன் இங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் செல் துண்டோடு நடமாடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பதினைந்து வருடம் கழிந்ததும் அது நோயென்றே நினைவில் இராது. சீ.ரீ. ஸ்கானுக்கு அதனால் ஆபத்தில்லை, படத்தில் கோடு விழும், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. அப்படியில்லை. அது பெருங்காந்தம். இரும்புத் துண்டு கண்ணுக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டில், இரத்தக் குழாய்க்கு அருகில் இருந்தால் அசைந்து கேடு செய்யலாம், சூடாகலாம். மாமாவின் வலது தொடையில் ஒன்று, தோளில் ஒன்று. "முந்தி எங்கயாவது காயப்பட்டனீங்களோ?" என்று கேட்டதற்கு மாமா இல்லை என்று தலையாட்டினார். ஏன் என்று பிறகு கேட்டேன். "அதைச் சொல்லப்போனா வேற கேள்வியெல்லாம் வரும் தம்பி." அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஸ்கான் அறையில் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் கேட்பது துண்டு எங்கே இருக்கிறது என்பதை, எப்படி வந்தது என்பதை அல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

இரண்டு, சிறுநீரகம். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கானுக்கு ஏற்றுகிற மருந்தும், பின்னால் தரக்கூடிய கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரிப்போட்டை முதலே எடுத்து வையுங்கள். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் போடுகிறவர் அதையும் சொல்ல வேண்டும்.

மூன்று, முந்தி ஸ்கான் மருந்து ஏற்றியபோது கடியோ மூச்சு முட்டோ வந்ததா என்பது.

எடுத்து முடிந்ததும் ரிப்போட் கடுதாசியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். படம் பதிந்த சீடியைக் கேட்டு வாங்குங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் கடுதாசியை ஒரு தரம் பார்ப்பார், படத்தைப் பத்துத் தரம் பார்ப்பார். எங்கள் வீட்டில் அது பிஸ்கட் ரின்னுக்குள், எறும்பும் வெயிலும் படாமல்.

ஊசி குத்திப் பார்ப்பதற்கு முன்

புற்றுநோய் என்றால் முதலில் சதை எடுத்துச் சோதிப்பது என்றுதான் நினைப்போம். இங்கே அப்படி இல்லாமலும் போகலாம். கட்டி சிறியது, தன் உறைக்குள் அடக்கமாக இருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்று படமே சொன்னால், ஊசி குத்தாமல் நேரே ஒப்பரேஷனுக்குப் போவார்கள். உறையைக் குத்தினால் கலங்கள் நுரையீரல் உறைக்குள் சிந்தலாம் என்பது ஒரு காரணம். மாறாக, கட்டி பெரியது, பக்கத்து உறுப்புகளைப் பிடித்திருக்கிறது, அல்லது நெறிக்கட்டிப் புற்றுநோயான லிம்ஃபோமாவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஊசிப் பரிசோதனை கட்டாயம். லிம்ஃபோமாவுக்கு வெட்டுத் தேவையில்லை, மருந்துதான் வைத்தியம். இளம் ஆண்களுக்கு அதே இடத்தில் இன்னொரு வகைக் கட்டியும் வரும். அதற்கு இரண்டு இரத்தச் சோதனைகள் இருக்கின்றன.

ஆகவே "ஏன் பயொப்சி எடுக்கவில்லை?" என்று சண்டைக்குப் போகாதீர்கள், "எடுக்கத் தேவையில்லையா, ஏன்?" என்று கேளுங்கள். நான் முதல் கேள்வியைத்தான் கேட்டேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக.

ரிப்போட்டில் எழுத்தும் இலக்கமும்

ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போட்டில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஏ, ஏபி, பீ1, பீ2, பீ3 என்ற எழுத்து, நுணுக்குக்காட்டியில் கலங்கள் எப்படித் தெரிந்தன என்பதைச் சொல்கிறது. பொதுவாக ஏ பக்கம் சாது, பீ3 பக்கம் முரடு. தைமிக் கார்சினோமா இந்த வரிசைக்கு வெளியே தனியாக எழுதப்படும். மற்றது படிநிலை. மசாவோகா என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரில் 1981 முதல் வழங்குவது: ஒன்று என்றால் உறைக்குள்ளேயே, இரண்டு என்றால் உறை தாண்டிச் சுற்றுக் கொழுப்புக்குள், மூன்று என்றால் இதய உறை, நுரையீரல், பெரிய குழாய் போன்ற அயலவரைப் பிடித்தாயிற்று, நாலு என்றால் நெஞ்சாங்கூட்டு உறைகளில் சிந்தியிருக்கிறது, அல்லது நெறிக்கட்டி வழியாகவோ இரத்தம் வழியாகவோ பரவியிருக்கிறது. சில இடங்களில் வேறு முறையிலும் எழுதுவார்கள்.

எழுத்தையும் இலக்கத்தையும் விட ஒரு வரி முக்கியம்: வெட்டிய ஓரத்தில் கட்டி இருக்கிறதா, இல்லையா. ஓரம் சுத்தம் என்றால் மூச்சு விடுங்கள். பிறகு செய்யப்போவதெல்லாம் அந்த வரியில்தான் தொங்குகிறது.

வெட்டும் அதற்குப் பிறகான மூன்று மாதமும்

தைமஸையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் சேர்த்து முழுதாக எடுப்பதே பிரதான வைத்தியம். இதற்கு நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, வெலிசரையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை, கொழும்பு தேசிய வைத்தியசாலை என்று எங்கே அனுப்புவார்கள் என்பது கட்டியையும் அன்றைய நிபுணர் வரிசையையும் பொறுத்தது. கிட்ட என்பதற்காக ஓர் இடத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். இந்த ஒப்பரேஷனைச் செய்து பழகியவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவது நல்லது என்பது என் எண்ணம்.

சின்னக் கட்டியென்றால் விலா இடைவெளியில் துளை போட்டு எடுப்பார்கள். பெரிதென்றால் நெஞ்செலும்பை நடுவால் பிளந்து, முடிந்ததும் கம்பியால் கட்டுவார்கள். முதலிலேயே கேட்டு வைக்க வேண்டியது: உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கிறதா? அதை வெட்டவேண்டி வந்தால் மூச்சு ஒரு பக்கம் பலவீனப்படும்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்கு வந்த பிறகுதான் வன்னி வாழ்க்கை குறுக்கே நிற்கும். பிளந்த எலும்பு உறுதியாகப் பொருந்த சுமார் மூன்று மாதம். அதுவரை கிணற்றில் வாளி இழுப்பது, விறகு கொத்துவது, உரப்பை தூக்குவது, மோட்டார் சைக்கிள், எல்லாம் விலக்கு. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கைபிடி கொடுக்கிற அதிர்வு நேரே நெஞ்செலும்புக்குத்தான் போகும். மாமா ஐந்தாம் கிழமை வளவுக்குள் அதை "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்க"ப் போய், மாமி சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டா. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். சளியை அடக்கக் கூடாது. தையலில் சீழ், காய்ச்சல், எலும்பு "டக் டக்" என்று அசைகிற உணர்வு இருந்தால் திரும்பிப் போகவேண்டும்.

சுரப்பியை எடுத்ததும் மயஸ்தீனியா மறுநாளே போய்விடாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்தான் குறையும். சிலருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகே தொடங்குவதும் உண்டு.

கரண்டும் ஊசி மருந்தும்

ஊரில் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்கிற கதிர்வீச்சு எல்லாருக்கும் தேவையில்லை. ஓரம் சுத்தமில்லை, கட்டி அயலைப் பிடித்திருந்தது என்றால் தருவார்கள். கிழமையில் ஐந்து நாள், ஐந்தாறு கிழமை. தினமும் வன்னியில் இருந்து போய்வருவது உடம்பை முறிக்கும். தங்க இடம் பாருங்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது; நாட்டின் தெற்கு முனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் 2011 இல் நடந்த நடைபவனியில் சேர்ந்த காசு அதற்கு அடித்தளம். அங்கே முடியாததற்கு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. நெஞ்சில் மையால் போடுகிற குறி அழியக் கூடாது. காலையில் குளித்து மார்பில் மூன்று குறி திருநீறு பூசுகிறவர்கள் அந்தக் கிழமைகளில் நெற்றியோடு நிற்பாட்டுங்கள்.

கட்டி பெரியதென்றால் வெட்டுக்கு முன் கீமோ தந்து சுருக்கப் பார்ப்பார்கள். பரவியிருந்தால் கீமோவே பிரதானம். அந்த நாட்களில் உடம்புச் சூடு 38 பாகைக்கு மேல் போனால் பனடோல் போட்டுப் படுக்காமல், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயெதிர்ப்பைத் தூண்டுகிற புது மருந்துகள் பற்றி வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் போனில் சொல்லுவார்கள். தைமஸ் கட்டியில், அதுவும் மயஸ்தீனியா உள்ளவருக்கு, அவை இதயத்தையும் தசையையும் கடுமையாகத் தாக்கலாம். இது லண்டன் சித்தப்பா தீர்மானிக்கிற காரியமில்லை.

சந்திக் கடையில் மருந்து வாங்குமுன்

மயஸ்தீனியா உள்ள வீட்டில் இதை அடுப்படிக் கதவில் ஒட்டுங்கள். சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாத குளிசை சிலது இவர்களுக்கு மூச்சை நிறுத்தும்.

மாமாவுக்கு ஒருமுறை சலக்கடுப்பு. பக்கத்தில் ஓர் இடத்தில் சிப்ரோஃப்ளொக்சசின் தந்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் தலையை நிமிர்த்தி வைக்க முடியவில்லை, எச்சில் வழிந்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற ஒக்சிஜன் மீற்றர் 97 காட்டியது. அந்த இலக்கத்தை நம்பி இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டோம். அது மகா பிழை. இந்த நோயில் மூச்சுத் தசை களைத்துப்போகிற கடைசிக் கட்டம்வரை அந்த மீற்றர் நன்றாகத்தான் காட்டும். மீற்றரை விட நம்பகமான சோதனை: ஒரே மூச்சில் ஒன்றில் இருந்து இருபதுவரை எண்ணச் சொல்லுங்கள். மாமா பதினொன்றில் நின்றார். 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சந்தியில் ஓர் ஆளை ரோச் லைட்டோடு நிற்பாட்டுங்கள்.

அவதானமாக இருக்க வேண்டியவை: சிப்ரோஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின், அசித்ரோமைசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஜென்டாமைசின் ஊசி, அற்றினோலோல், புறோபிரனோலோல் போன்ற பிறஷர் குளிசைகள், கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலோல் துளியும்கூட, மக்னீசியம் ஊசி, நித்திரைக் குளிசை, குயினைன், குளோரோகுயின். மலேரியா போய் 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்துவிட்டது, ஆனாலும் பழைய குளிசை கிடக்கும் பெட்டிகள் நம்மிடம் இருக்கின்றன, எறிந்துவிடுங்கள். ஸ்டெரொயிட் இந்த நோய்க்கு மருந்துதான், என்றாலும் தொடங்கிய முதல் இரண்டு கிழமையில் பலவீனம் கூடலாம். ஏற்கெனவே எழுதித் தந்து போடுகிற எதையும் இதை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். பரசிற்றமோல், அமொக்சிசிலின் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை.

மயஸ்தீனியாவுக்குத் தருகிற பிரிடோஸ்டிக்மின் குளிசை மூன்று நாலு மணித்தியாலம்தான் வேலை செய்யும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போட்டால் சப்பவும் விழுங்கவும் பலம் இருக்கும். வயிற்றைப் பிடுங்கலாம், வாய் ஊறலாம், கூடினால் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது அது சேர்ட் பொக்கற்றில் இருக்க வேண்டும், தட்டில் ஏற்றிய பைக்குள் அல்ல. சாப்பாடு பகலில் பெரிதாக, இரவில் சிறிதாக. குழைந்த கஞ்சி, சொதி விட்டு ஊறிய இடியப்பம் இறங்கும். வறண்ட புட்டும் ஒடியல் மாவும் அடைக்கும். வெறும் தண்ணி புரைக்கேறினால் கஞ்சியை விடவும் தண்ணிக்குத்தான் பயப்படுங்கள்.

காசு, கடிதம், கூட நிற்கிற ஆள்

அரச ஆஸ்பத்திரியில் வெட்டும் கரண்டும் இலவசம். சோதனை சிலது வெளியில் செய்ய வரும், பயணமும் தங்குவதும் கையைக் கடிக்கும். பெருஞ்செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், செலவு முடிந்த பிறகல்ல, திகதி கிடைத்த உடனேயே. கிராம அலுவலரின் கடிதத்தில் நாலு பிரதி எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மேசையும் ஒன்று கேட்கும். கூடப் போகிற ஆள் ஒருவராகவே இருப்பது நல்லது. நாங்கள் மூன்று பேர் மாறி மாறிப் போனதில், ஒவ்வொருவரும் மற்றவர் கேட்டிருப்பார் என்று நினைத்த கேள்வி ஒன்று ஒரு மாதம் கேட்கப்படாமலே கிடந்தது.

பிறகு எவ்வளவு காலம்

தைமோமா மெல்ல வளர்கிற கட்டி, மெல்லத்தான் திரும்பியும் வரும். ஐந்து வருடம் தாண்டினால் தப்பினோம் என்கிற பொதுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருக்கால், பிறகு வருடத்துக்கு ஒருக்கால் ஸ்கான், மொத்தம் பத்து வருடம் அளவுக்குப் பார்க்கச் சொல்வார்கள். கார்சினோமாவுக்கு ஐந்து வருடம். நன்றாகத்தானே இருக்கிறார் என்று கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் பலர். ஒவ்வொரு முறையும் பழைய சீடியையும் கொண்டுபோங்கள்; புதுப் படத்தில் தெரிகிற கோடு தழும்பா, கட்டியா என்பது பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

மாமாவின் அடுத்த ஸ்கான் தை மாதம். அது காலபோக நெல் வெட்டோடு முட்டுகிறது, மாசிக்குத் தள்ள ஏலாதோ என்று நேற்றும் கேட்டார். மாமி பதில் சொல்லவில்லை. பிஸ்கட் ரின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனா.